மனத்தாங்கலோடு கோயிலுக்குப் போனவர்கள்

நீங்களும் எங்கள் பக்கத்து ஆள் என்றால், ஆனி பிறந்ததும் எந்த ஊரில் இருந்தாலும் காதுக்குள் ஓர் இரைச்சல் கேட்கத் தொடங்கிவிடும். மலைக் கணவாய் வழியாக இறங்கி வருகிற காற்று அது. களக்காட்டுக்கும் ஏர்வாடிக்கும் இடையில், மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கிற ஊர்களில் பிறந்தவர்களுக்கு அந்தக் காற்றுதான் தாலாட்டு. ராத்திரியில் பனைமரங்கள் ஓலையோடு ஓலை உரசிக்கொண்டே இருக்கும். கதவு இடுக்கில் ஊளையிடும். சோற்றில் மண் விழும். துவைத்துப் போட்ட வேட்டியைத் தேடிக்கொண்டு அடுத்த தெரு வரைக்கும் போகவேண்டியிருக்கும். மேற்கே பார்த்தால் மலை முழுக்க மேகம் மூடிக் கிடக்கும். சாரல் மட்டும் வந்து முகத்தில் தெறித்துவிட்டுப் போகும். மழை மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு, காற்று நமக்கு என்பார்கள் பெரியவர்கள். குறையாகச் சொல்ல மாட்டார்கள். பங்கு பிரித்த கணக்கைச் சொல்வது மாதிரிதான் சொல்வார்கள்.

சித்திரை வைகாசிக் காற்று வேறு மாதிரி. சாயங்காலம் திடீரென்று தெற்கே கறுக்கும். ஒரு நாழிகை சூறைக்காற்று, நாலு பெரிய துளி, முடிந்தது. அந்த ஒரு நாழிகையில் ஒரு குடும்பத்தின் வருசமே போய்விடும். களக்காட்டு வாழை உங்களுக்குத் தெரியும். ஏத்தனும் ரசகதலியும் குலை தள்ளி, காய் திரண்டு, இன்னும் கொஞ்ச நாளில் வெட்டலாம் என்று நிற்கிற பருவம்தான் சூறைக்காற்றுக்கும் பருவம். வாழைக்கு முட்டுக்கொடுக்கக் கம்பு வாங்கிக் கட்டியிருப்பார்கள். வீட்டில் முழங்காலிலும் நின்றிருப்பார்கள். காற்று இரண்டையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனால் கிழக்கே தலைவைத்து வரிசையாகப் படுத்துக் கிடக்கும் வாழை. முறிந்த தண்டிலிருந்து வடிகிற நீரின் துவர்ப்பு வாசனை தோட்டம் முழுக்க நிற்கும். அந்த வாசனையை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்படி ஏமாந்து ஏமாந்து வாழ்ந்த ஊரில்தான் தினமும் பொழுது சாய கோயில் மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி என்று மூன்று உண்டு. மற்ற நாளுக்குச் சாயங்கால ஜெபத்துக்கு ஒரு மணிதான். வயலிலிருந்து வந்தவர்கள் கால் கழுவிவிட்டு அப்படியே வருவார்கள். பதனி காய்ச்சிவிட்டு வருகிற பெண்களின் சேலையில் கருப்பட்டிப் புகை வாசம் இருக்கும். கோயிலுக்குள் பாய். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அரிக்கேன் விளக்கு ஒன்று, உபதேசியார் கையில் பெரிய எழுத்துப் பைபிள் ஒன்று. ஓட்டுக்கூரைக்கு அடியில் வௌவால் வாடையும் பழைய மெழுகுதிரி வாடையும் சேர்ந்து கிடக்கும். சின்னப் பிள்ளைகள் நாங்கள் முதல் பாட்டு முடிவதற்குள் பாயில் தூங்கியிருப்போம்.

அந்த மணியை அடிக்கிற எங்கள் கோயில்குட்டி ஐயா நினைவுக்கு வருகிறார். ஒல்லியான மனுசன். இழுப்பு நோய். மார்கழிப் பனியில் மூச்சு வாங்க முடியாமல் திண்ணையில் குத்தவைத்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருப்பார். சாயங்கால ஜெபத்தில் வியாதியஸ்தருக்காக ஜெபிக்கும்போது அவர் பேரும் தவறாமல் வரும். தம் பேரைக் கேட்டுக்கொண்டு கதவோரம் அவரே நின்றுகொண்டிருப்பார். எத்தனையோ வருசம் ஊரே கேட்டது. இழுப்பு போகவில்லை. கோடையில் அவர் அடிக்கிற மணி ஒரே சீராக விழும். பனிக்காலத்தில் இரண்டு அடிக்கு ஒரு தரம் கயிற்றைப் பிடித்தபடி நின்று மூச்சு வாங்குவார். மணியோசையில் அங்கங்கே ஓர் இடைவெளி விழும். அடுப்படியில் இருக்கிற ஆச்சி அந்த இடைவெளியைக் கேட்டுவிட்டு, "இன்னைக்கு அவருக்கு முடியல்ல போலிருக்கு, சுக்கு தட்டிப் போட்டுக் காப்பி வைக்கேன், கொண்டு குடுத்துட்டு வா" என்பாள். அவருக்கான விண்ணப்பத்துக்குப் பதில் ஒரு தம்ளர் சுக்குக் காப்பியாக எங்கள் வீட்டிலிருந்துதான் போயிற்று. அதற்கு மேல் பெரிய பதில் எதுவும் வந்ததாக எனக்குத் தெரியாது. அவரும் மணி அடிப்பதை நிறுத்தவில்லை.

அவரிடம் யாராவது ஆறுதலாகப் பேசப் போனால் பவுல் அப்போஸ்தலரின் முள்ளைப் பற்றிச் சொல்வார். மூன்று தரம் கேட்டும் எடுக்கப்படாத முள். அவருக்கே எடுக்கல்ல, எனக்கு என்ன என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சலிப்பு இராது. தன் கட்சியில் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார் என்ற தெம்பு இருக்கும்.

இனி அத்தையைச் சொல்லவேண்டும். அப்பாவுக்கு மூத்தவள். ஊரில் நல்ல குரல் அவளுக்குத்தான். கீர்த்தனை எடுத்துக்கொடுக்க உபதேசியார் பெண்கள் பக்கம் திரும்பினால் அத்தைதான் எடுப்பாள். கல்யாணமாகி ரொம்ப வருசம் பிள்ளை இல்லை. உபவாசம் இருந்தாள், பொருத்தனை செய்தாள், மணப்பாட்டுச் சிலுவைக்குப் போனாள். கடைசியில் ஒரு பையன் பிறந்தான். ஊரே ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தது. நாற்பது நாளுக்குள் காய்ச்சல் வந்து போய்விட்டான்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை கோயிலுக்கு வந்தாள். முக்காடு போட்டு, வழக்கமான தூணோரம் உட்கார்ந்தாள். பாட்டு வந்தது. அத்தை வாய் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதன் பிறகும் மாதக்கணக்காகத் திறக்கவில்லை. பாமாலைப் புத்தகத்தை விரித்து மடியில் வைத்திருப்பாள். விரல் வரி வரியாக நகரும். சத்தம் வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "ஏன் அத்த, நீங்க பாட மாட்டேங்கிய?"

"எனக்கும் அவருக்கும் ஒரு மனத்தாங்கல் இருக்கு. நீ பாடு" என்றாள்.

ஊரில் யாரும் அவளைக் குத்திப் பேசவில்லை. விசுவாசம் பத்தாது என்று சொல்லவில்லை. இதிலும் ஒரு நோக்கம் இருக்கும் என்று விளக்கம் கொடுக்க ஆளில்லை. குருவானவர் ஐயா வந்தார், திண்ணையில் உட்கார்ந்தார், மோர் குடித்தார், ஜெபித்தார், போனார். ஆச்சியிடம் யாரோ அத்தை பாடாததைப் பற்றி இழுத்தபோது, "பாடாட்டா என்ன, வந்து உக்காந்திருக்காள்லா" என்றாள் ஆச்சி. நம் ஊர்ச் சொந்தபந்தங்களை நினைத்துப் பாருங்கள். அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வரும். பேச்சு நிற்கும். ஆனால் நல்லது கெட்டதுக்குப் போய் நின்றுவிட்டு வருவார்கள். பந்தியில் உட்காராமல் போனாலும் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். போக்குவரத்து அறாத வரைக்கும் உறவு அறவில்லை என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஆண்டவரோடும் அவர்கள் அந்தக் கணக்குத்தான் வைத்திருந்தார்கள். எங்கள் ஆச்சிமார் எந்த வேத சாஸ்திரமும் படிக்காமலே பிடித்துவைத்திருந்த விசுவாசம் அது.

கேட்டது கிடைக்காதவர்களில் எங்கள் பக்கத்து டோனாவூர் அம்மாவும் ஒருவர். ஏமி கார்மைக்கேல் என்பது அவர் பேர். அவர் கதையை நான் இரண்டு பேரிடம் கேட்டேன். இரண்டும் வேறு வேறு கதை.

முதலாவது ஓய்வுநாள் பள்ளியில். அயர்லாந்தில் கடலோர ஊரில் பிறந்த ஏமி கார்மைக்கேல் என்ற சிறுமி, தன் பழுப்புக் கண்கள் நீலமாகவேண்டும் என்று ஜெபித்துவிட்டுத் தூங்கினாள். விடிந்ததும் ஓடிப்போய்க் கண்ணாடி பார்த்தாள். கண் பழுப்பாகவே இருந்தது. அவள் வளர்ந்து, 1895-ல் இந்தியா வந்து, நம் ஜில்லாவுக்கு வந்து, சேலை கட்டி, இந்துக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த சிறுமிகளைத் தேடி அலைந்தபோது அந்தப் பழுப்புக் கண்தான் அவளை வெளியூர்க்காரி என்று காட்டிக்கொடுக்காமல் காத்தது. கதை முடிந்ததும் டீச்சர் எங்களுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுப்பார். பிள்ளைகளுக்கு ஏற்ற கதை. கேட்டது ஏன் கிடைக்கவில்லை என்பதற்குக் கடைசியில் விடை இருக்கிறது.

இரண்டாவது கதை ஆச்சி சொன்னது. அதில் விடை இல்லை.

1931 அக்டோபர் 24. களக்காட்டில் வைத்தியம் பார்க்க ஒரு வீடு எடுத்திருந்தார்கள். அந்த வீட்டைப் பார்க்க அம்மா போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. கழிப்பிடத்துக்காக வேறு இடத்தில் தோண்டவேண்டிய குழியை இடம் மாற்றித் தோண்டியிருந்தார்கள். மங்கின வெளிச்சத்தில் அம்மா அதில் விழுந்துவிட்டார். கால் முறிந்தது. கணுக்கால் பிசகியது. முதுகும் அடிபட்டது. அன்றைக்குக் காலையில்தான், உமக்கு இன்னும் நன்றாக ஊழியம் செய்ய என்னை எப்படி வேண்டுமானாலும் ஆக்கும் என்கிற பொருளில் ஜெபித்திருந்தாராம். கொஞ்ச நாளில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். அவர் டோனாவூரில் எடுத்து வளர்த்த பிள்ளைகள் எல்லாம் ஜெபித்தார்கள். அக்காள்மார் ஜெபித்தார்கள், அண்ணாச்சிமார் ஜெபித்தார்கள், சித்திமார் ஜெபித்தார்கள். அங்கே பிள்ளை வளர்க்கிற நம் ஊர்ப் பெண்கள் அக்காள், ஆண்கள் அண்ணாச்சி, வெள்ளைக்காரப் பெண்கள் சித்தி. அம்மா மட்டும் அம்மா. அத்தனை பேர் ஜெபித்தும் அவர் பழைய நடைக்குத் திரும்பவில்லை. 1951 ஜனவரி 18-ல் கண் மூடும்வரை, இருபது வருசத்துக்குக் கொஞ்சம் குறைவு, பெரும்பாலும் அந்த ஓர் அறைதான்.

மலையேறவும் மாட்டுவண்டியில் ராத்திரியெல்லாம் போகவும் தயங்காத மனுசி. வந்த நாள் முதல் ஒரு தரம்கூடச் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகாதவர். அவருக்குத் தமிழும் ஊழியமும் கற்றுத் தந்து கூடவே நின்ற வாக்கர் ஐயர் 1912-ல் திடீரென்று போனார். வலதுகையாக இருந்த பொன்னம்மாள் 1915-ல் புற்றுநோயில் போனார். கைக்குழந்தைகளை நெய்யூரில் வைத்துப் பார்த்த காலத்தில் வயிற்றுக்கடுப்பு பரவிக் குழந்தைகள் இறந்துபோன துயரமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஜெபம் இல்லாமல் இல்லை. நோயாளிகளுக்கு ஆறுதலாக வருகிற துண்டுப் பிரசுரங்களை அந்தக் கட்டிலில் கிடந்து படித்துப் பார்த்தபோது, சுகமாக இருப்பவர்கள் எழுதியது சுகமில்லாதவரைத் தொடவில்லை என்று கண்டார். அதனால் படுத்திருப்பவர் படுத்திருப்பவருக்கு எழுதுவதாகக் கடிதங்கள் எழுதினார். 1933-ல் அவை புத்தகமாக வந்தன. வலிக்குக் காரணம் சொல்கிற புத்தகமில்லை அது. வலியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற புத்தகம்.

அம்மாவை அடக்கம் செய்த நாளில் ஆச்சி போயிருந்தாள். கல்லறைக்குத் தலைக்கல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தாராம். அங்கே யாருக்குமே தலைக்கல் கிடையாது, மரங்கள்தான். பிள்ளைகள் அவர் கிடக்கிற இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் அம்மை என்று ஒரே ஒரு சொல். ஆச்சி இதைச் சொல்லும்போது அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது.

"அம்மாவையே எழும்பச் சொல்லலியா?" என்றாள் அத்தை.

"சொல்லல்ல" என்றாள் ஆச்சி.

மறுபடி சுளகுச் சத்தம். அதற்கு மேல் அவர்கள் பேசவில்லை. அத்தை எந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாடத் தொடங்கினாள் என்று எனக்கு நினைவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் காலத்து விடியற்காலைப் பஜனையில், பனிக்குள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. பழைய குரல் இல்லை, கொஞ்சம் கம்மிப்போயிருந்தது. அதற்குப் பிறகும் அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கொடுத்தால்தான் பாடுவேன் என்று அவள் பேரம் வைக்கவுமில்லை.

அறுப்பின் பண்டிகையைச் சொல்லாமல் இந்த ஊரைச் சொல்லி முடிக்க முடியாது. விளைந்ததில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவருகிற நாள். நெல் மூட்டை, தேங்காய், கருப்பட்டிச் சிப்பம், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டின சேவல், ஓலைப்பெட்டி நிறைய முட்டை. வீட்டில் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்த கைப்பிடி அரிசியும் வந்து சேரும். பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்கும். ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஏலம். ஒரு தரம், ரெண்டு தரம் என்று உபதேசியார் குரல் ஏறும். சாயங்காலம் அசனம். ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிற வாசனை காலையிலேயே பிரசங்கத்தின் நடுவில் நுழைந்துவிடும்.

ஒரு வருசம் பண்டிகைக்கு முந்தின வாரம் தாத்தாவின் வாழை மொத்தமும் சாய்ந்தது. கடன் வாங்கி வைத்த வாழை. தாத்தா ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஆச்சி அந்த ரெண்டு நாளும் கைப்பிடி அரிசி போடுவதை நிறுத்தவில்லை. அதை நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா தோட்டத்துக்குப் போய், விழுந்த மரத்திலிருந்து ஒரு ஏத்தன் குலையை வெட்டிக்கொண்டு வந்தார். முற்றாத குலை. காய் விரல் தண்டிதான் இருந்தது. பழுக்காது, வெம்பிக் கறுத்துத்தான் போகும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு, சலவை வேட்டியில் பால் கறை படப் படத் தெரு வழியாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கோயிலுக்குள் மற்றவர்களின் தாறுகளுக்குப் பக்கத்தில் அந்தக் குலையை வைத்தார். முழங்காலிட்டார். கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "ஆண்டவரே, நீர் செஞ்சது எனக்கு விளங்கல்ல. இந்த வருசம் இதுதான் இருக்கு."

ஏலத்தில் அந்தக் குலை வந்தபோது முற்றத்தில் பேச்சு நின்றது. உபதேசியார் விலை கூறத் தயங்கினார். அந்த வாரக் காற்றில் சாய்ந்தது தாத்தா தோட்டம் மட்டுமில்லையே. தன் வாழையையும் இழந்த தெற்குத் தெருப் பெரியவர் ஒருவர்தான் முதலில் கேட்டார். அவருக்கு மேல் ஒருவர் கேட்டார். நல்ல குலை போகிற விலைக்குக் கொஞ்சமும் குறையாமல் அது போயிற்று. எடுத்தவர் அதைச் சமையல்காரரிடம் கொடுத்தார். பிஞ்சுக்காயைச் சீவிக் கூட்டு வைத்தார்கள். ஊர் முழுக்க அன்றைக்கு அசனத்தில் அதைத் தின்றது. தாத்தாவும் தின்றார்.

கடன் அதனால் அடையவில்லை. அடுத்த வருசம் இரட்டிப்பாக விளைந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். விளையவில்லை. தென்பத்தில் ஒரு துண்டு நிலத்தை விற்றுத்தான் அடைத்தார்கள். தாத்தா அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணிக்கே கிளம்பிவிடுவார்.

இப்போது பனைகள் செங்கல் சூளைக்குப் போய்விட்டன. கருப்பட்டி காய்ச்சுகிற விடிலிகளின் புகை இல்லை, பதனி வாசம் இல்லை. காற்று மட்டும் வருகிறது. அதைப் பிடித்து மின்சாரமாக்கப் பணகுடிப் பக்கமெல்லாம் காற்றாலைகள் சுற்றுகின்றன. எங்கள் ஓட்டுக்கூரைக் கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். தரையில் சலவைக்கல், பாய்க்கு வேலையில்லை. மணியும் சுவிட்ச் போட்டால் தானாக அடிக்கிறது. எந்தக் குளிரிலும் அதில் இடைவெளி விழுவதில்லை. யாருக்கு முடியவில்லை என்று அதைக் கேட்டு யாரும் தெரிந்துகொள்ள முடியாது.

இவற்றையெல்லாம் விட எனக்கு இழப்பாகத் தெரிவது வேறொன்று. சாட்சி சொல்கிற நேரத்தில் ஒலிபெருக்கி இப்போது கைமாறிக்கொண்டே இருக்கிறது. வேலை கிடைத்தது, விசா வந்தது, கட்டி கரைந்தது, வீடு கட்டினோம். சந்தோசம்தான், அவர்களோடு நானும் கைதட்டுகிறேன். ஆனால் கட்டி கரையாதவர் அந்தக் கூட்டத்தில் எங்கே உட்காருவார்? விசா வராதவருடைய சாட்சியை யார் கேட்பார்? அப்படிப்பட்டவர்கள் மெல்லப் பின்வரிசைக்குப் போகிறார்கள், பிறகு வராமலே போகிறார்கள். தங்கள் விசுவாசத்தில்தான் ஏதோ கோளாறு என்று அவர்களையே நம்பவைத்துவிடுகிறோம். கெத்செமனேயில் அந்தப் பாத்திரத்தை நீக்கும்படி கேட்டவருக்கே அது நீக்கப்படவில்லை என்பதை வருசா வருசம் பெரிய வெள்ளிக்கிழமை கேட்டும் நமக்கு உறைக்கவில்லை.

எங்கள் பழைய ஊரில் கிடைக்காதவர்களுக்குத் தூணோரம் ஓர் இடம் இருந்தது. பாடாமல் உட்கார்ந்திருக்க அனுமதி இருந்தது. பிஞ்சுக்குலையையும் விலைகேட்க ஆளிருந்தது. கடவுள் நாம் நினைத்தபடி செய்யாத நாட்களில் அவரை நம்புவது தனியாளால் ஆகிற காரியமில்லை என்று எனக்கு இந்த வயதில் தோன்றுகிறது. ஒருவருக்கு முடியாதபோது பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் அவருக்கும் சேர்த்து நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் குரல் திரும்பும் வரை பாட்டை அவர்கள் தாங்கிக்கொண்டார்கள்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் கேட்டும் கிடைக்காத ஒன்று இருக்கலாம். ஏன் என்று சொல்ல எனக்குத் தெரியாது, எங்கள் ஆச்சிக்கும் தெரிந்திருக்கவில்லை. மனத்தாங்கல் இருந்தால் இருக்கட்டும். அதை அவரிடமே சொல்லுங்கள், போக்குவரத்தை மட்டும் அறுத்துவிடாதீர்கள். கிடைத்தவர்களாக இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவரிடம் எதையும் விளக்க வேண்டாம்.